கப்பலில் வராத கறித்தூள்

சிம்பாங் பூலாயில் ஒரு கிடங்கு. மூன்று ஊர்களில் மாவு மில். ஆறு லோரி. இன்றைய தேதிக்கு நாற்பத்திரண்டு பேருக்கு வேலை. இவ்வளவையும் கட்டியவன் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். என் முதல் மில்லில் வெள்ளம் இடுப்பளவு ஏறியது. மோட்டாரைக் கழற்றிக் காயவைத்து நான்காம் நாள் ஓட்டினேன். கூட்டாளி ஒருவன் வாடிக்கையாளர்களையும் கூட்டிக்கொண்டு ஓடினான். ஒரே வருடத்தில் அத்தனை பேரையும் திரும்பக் கொண்டுவந்தேன். என் கையெழுத்து இன்றைக்கும் கோணல்தான். அதைப் பார்த்து வங்கியில் யாரும் சிரிப்பதில்லை. வீட்டு வாசலில் என் பெயரைப் பித்தளையில் அடித்து மாட்டியிருக்கிறேன். பெருமைக்குத்தான் மாட்டினேன். உழைத்தவன் பெருமைப்படாமல் வேறு யார் பெருமைப்படுவது?

இப்படிப்பட்டவனைப் போன மாதம் ஈப்போவில் ஒரு மண்டபத்தில், ஏழாவது வரிசையில், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். என் பெரியப்பா தொடங்கிய கறித்தூள் நிறுவனத்தின் ஐம்பதாம் ஆண்டு விழா. விளக்கை அணைத்துத் திரையில் ஒரு படம் போட்டார்கள். கடலில் ஒரு கப்பல். கப்பலில் தலைப்பாகை கட்டிய ஒருவர், பெரியப்பாவின் அப்பாவாம். அவர் மடியில் ஓர் ஓலைச்சுவடி. அந்த ஓலையில் இருந்ததுதான் எங்கள் கறித்தூளின் ரகசியக் கணக்காம். பிறகு பெரியப்பாவின் பேரன் கோட்டு மாட்டிக்கொண்டு மேடையேறினான். வெளிநாட்டில் படித்த பிள்ளை. காலம் மாறியபோது வாடிக்கையாளரின் தேவை மாறியதைத் தன் தாத்தா எப்படித் தன்னந்தனியாகப் புரிந்துகொண்டார் என்று அரை மணி நேரம் பேசினான். மண்டபமே கைதட்டியது. நான் எழுந்தேன். என் மனைவி தொடையில் கிள்ளினாள். உட்கார்ந்தேன்.

கிள்ளின வலி அன்றைக்கே போய்விட்டது. மற்றது போகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கணக்கு எந்தக் கப்பலிலும் வரவில்லை. ஈப்போவை ஒட்டிய சிலிபினில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், மில் தொட்டியிலிருந்து சுரண்டி எடுக்கப்பட்டது. சுரண்டியவன் நான். எனக்கு அப்போது பத்து வயது.

அப்பா பால் வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். பாதிப் பேருக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பாதியில் நாங்களும் இருந்தோம். அப்பாவின் அண்ணன் முன்கூட்டியே தோட்டத்தை விட்டு வந்து சிலிபினில் மில் வைத்திருந்தார். அதன் பின்னால் தகரம் போட்ட ஓர் அறை. அதில் அப்பா, அம்மா, தங்கச்சி, நான். அப்பா மிஷினுக்குப் பெல்ட் மாட்டுவார், எண்ணெய் போடுவார். நான் பள்ளி விட்டதும் மில் வாசலில் டின் வாங்கி வைப்பேன்.

இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால்தான் புரியும். அப்போது கறித்தூளைக் கடையில் வாங்குவது கௌரவமில்லை. வீட்டுக்கு வீடு மிளகாய், மல்லி எல்லாம் வெயிலில் காயவைத்து, வறுத்து, பிஸ்கட் டின்னில் போட்டு மில்லுக்குக் கொண்டுவருவார்கள். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, தன் டின் தொட்டிக்குள் போவதையும் தன் தூள் வெளியே வருவதையும் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். ஒரு வீட்டுத் தூளில் இன்னொரு வீட்டுத் தூள் ஒரு கைப்பிடி கலந்தாலும் சண்டை. ஆனால் எந்த மிஷினாக இருந்தாலும் அடியில் கொஞ்சம் தங்கும். தூள் இறங்கும் துணிக்குழாயைத் தட்டினால் இன்னும் கொஞ்சம் உதிரும். அது மில்காரனுக்கு என்பது எழுதாத வழக்கம். அதைக் கூட்டி எடுத்துப் பெரியம்மா சமைப்பார். எங்கள் வீட்டுக் குழம்பு எந்த நாளும் முதல் நாள் மாதிரி இருந்ததில்லை. பத்து வீட்டு மணமும் அதில் இருக்கும்.

அந்தத் தொட்டித் தூள் வாசலைத் தாண்டி வெளியே போகக்கூடாது என்பதும் வழக்கம்தான். மில்காரன் தின்னலாம், கொடுக்கக்கூடாது, விற்கவே கூடாது. இந்த இரண்டாவது பாதியை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பெரியப்பாவுக்கு ஒரு பெருமை இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தூளை முகர்ந்து இது இன்னார் வீட்டுத் தூள் என்று சொல்லிவிடுவார். அந்த மூக்கை வைத்துக்கொண்டு, கண்ணுக்கு முன்னால் மில் காலியாவதை அவர் முகரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்களின் மகள்கள் எல்லாம் எலெக்ட்ரானிக் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். காலையில் ஒரு சிப்ட், மத்தியானம் ஒரு சிப்ட். மல்லி காயவைக்க யாருக்கு நேரம்? முப்பது டின் வந்த இடத்தில் ஐந்து டின் வந்தது.

"பொம்பளைங்களுக்குச் சோம்பல் வந்துருச்சு. வேற ஒண்ணும் இல்ல" என்பார் பெரியப்பா. அதுதான் அவருடைய சந்தை ஆராய்ச்சி. பேரன் மேடையில் இதைச் சொல்லவில்லை.

தீபாவளிக்குள் மிஷினைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. மிஷின் போனால் இடமும் போகும், பின்னறையும் போகும். பாகான் செராய் பக்கம் யாரோ கூப்பிடுகிறார்கள், போய்ப் பார்க்கலாம் என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா தட்டுமுட்டுச் சாமான்களை மூட்டையாகக் கட்டத் தொடங்கியிருந்தார். தோட்டத்திலிருந்து வந்த மூட்டையையே இன்னும் முழுக்க அவிழ்த்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இந்த மில் நின்றால் நாங்கள் மறுபடியும் லோரியில் ஏறவேண்டும்.

அந்த வியாழக்கிழமை ஒரு மலாய்க்கார அம்மா வந்தார், மக்சிக் என்று கூப்பிடுவோம். தொழிற்சாலைக் கேண்டீனை எடுத்து நடத்துபவர். நல்ல பருமன், சிரித்த முகம், ஒரு கையில் கூடை, மறு கையில் காலிப் பை. தமிழ்ப் பெண்கள் தன் கறியில் காரமும் இல்லை மணமும் இல்லை என்று தட்டைத் தள்ளிவிட்டுப் போகிறார்களாம், அரைத்த தூளாகவே மூன்று கிலோ வேண்டுமாம். பெரியப்பா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"சினி தா ஜுவால்" என்றார். இங்கே விற்பதில்லை.

"நீங்கள் வறுத்து அரைத்துக் கொடுத்தால் நான் வாங்கிக்கொள்கிறேனே" என்று மலாயில் கேட்டார் மக்சிக். மில் அரைப்பதற்குத்தான், கடை வேண்டுமானால் கடைக்குப் போ என்று பெரியப்பா கையைக் காட்டினார். ஓர் ஆள் வாசலுக்கு வந்து எனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிறார், முதலாளி போ என்கிறார். பத்து வயதில் எனக்கு எரிந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எரிகிறது.

நான் தொட்டியைச் சுரண்டினேன். அன்று வந்திருந்த ஐந்து டின்னிலும் மிஞ்சியதைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டு முச்சந்தி வரை ஓடினேன். மக்சிக் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தார். பொட்டலத்தை நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் கூடையிலிருந்து, உருளைக்கிழங்கு மடித்துப் பொரித்த கறிப்பாப் இரண்டை எடுத்துக் கொடுத்தார். ஒன்றைத் தங்கச்சிக்குக் கொண்டுபோனேன். என் முதல் வியாபாரம் அது. அதற்கு முதலாளி, தொழிலாளி, ஓட்டுநர் எல்லாம் நான்தான்.

திங்கட்கிழமை மக்சிக் திரும்ப வந்தார். மில்லில் நான்கு பெண்கள் இருந்தார்கள். அதில் கோயில் தலைவர் வீட்டம்மா ஒருவர், குரலை உயர்த்தாமல் பேசத் தெரியாதவர். இன்னொருவர் பள்ளிக்கூட மாஸ்டர் வீட்டம்மா, யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பெஞ்சில் உட்காரமாட்டார், எப்போதும் தனி நாற்காலி.

மக்சிக் கைப்பையிலிருந்து அந்தச் செய்தித்தாளை எடுத்துப் பிரித்தார். அடியில் ஒரு சிட்டிகைத் தூள் மிச்சம் வைத்திருந்தார். "சாமா மாச்சாம் இனி" என்றார். இதே மாதிரி வேண்டும், வாரா வாரம் வேண்டும். தட்டு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லையாம், இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்களாம்.

பெரியப்பா விழித்தார். மக்சிக் என்னைக் காட்டினார். "இந்தப் பையன்தான் கொடுத்தான்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எல்லோரும் பார்க்க, உரத்த குரலில் சொன்னேன்: "வியாழக்கெழம தொட்டியில மிஞ்சினத நான்தான் குடுத்தேன். எல்லார் டின்னுத் தூளும் அதுல இருக்கு."

பாராட்டுவார்கள் என்று நினைத்தேன். கோயில் தலைவர் வீட்டம்மா எழுந்து நின்றார்.

"வியாழக்கெழம நான் அரைச்சது கோயில் அன்னதானத்துக்குச் சாம்பார்த் தூளுடா. அதக் கொண்டுபோயி கேண்டீனுக்குக் குடுத்தியா? எந்த எறச்சியில போட்டாளோ. மாடோ என்னாவோ."

"நம்ம வீட்டுத் தூள வித்து இவனுங்க சம்பாரிக்கிறானுங்க. அதான் நம்ம டின்னு எடை கொறையுது" என்றார் பக்கத்தில் இருந்த லோரிக்காரர் வீட்டு அக்கா.

"நான் காசு வாங்கல. கறிப்பாப்தான் வாங்கினேன்."

"கேளுங்க, கறிப்பாப்பு வாங்குனானாம்."

மக்சிக்குக்கு மொழி புரியவில்லை என்றாலும் முகங்கள் புரிந்தன. "அயாம், அயாம் லா" என்று இரண்டு கையையும் ஆட்டினார். கோழிதான், கோழியில்தான் போட்டேன். அது யாரையும் சமாதானப்படுத்தவில்லை. கோயில் தூள் கோழியில் போனதும் போனதுதானே. இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று கோயில் தலைவர் வீட்டம்மா தன் டின்னைத் தூக்கிவிட்டார். அவர் போனால் இருக்கிற ஐந்து டின்னும் அவர் பின்னால் போகும். அது எல்லோருக்கும் தெரியும்.

பெரியப்பா அந்தச் சிட்டிகைத் தூளை வாங்கி முகர்ந்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அந்த மூக்குக்கு ஐந்து வீடும் அதில் தெரிந்திருக்கும், ஒன்று விடாமல். காகிதத்தை மெதுவாக மடித்தார். ஆணியில் தொங்கிய பழைய பெல்ட் துண்டை எடுத்தார்.

"பொய் சொல்றியா? இது நம்ம வீட்டுத் தூளு. எங்க ஐயா கப்பல்ல வரும்போது கொண்டாந்த கணக்கு. பெரியம்மா அடுக்களையில இருந்து திருடிக் குடுத்துட்டு, தொட்டித் தூளுன்னு சொல்றியா?"

முதல் அடி முழங்காலுக்குக் கீழே விழுந்தது. நான் இல்லை என்றேன். இரண்டாவது அடி. அப்பா மிஷினுக்குப் பக்கத்தில் எண்ணெய்க் குப்பியோடு நின்றார். அவர் நகரவில்லை. மூன்றாவது அடி. "சொல்லு, பொய் சொன்னேன்னு சொல்லு." நான்காவதில் சொன்னேன். "ஆமா பெரியப்பா. பொய் சொன்னேன்."

கோயில் தலைவர் வீட்டம்மா டின்னைக் கீழே வைத்தார். "பச்ச புள்ளய இப்படியா அடிக்கிறது" என்று பெரியப்பாவையே கடிந்துகொண்டார். மக்சிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லோரிக்காரர் வீட்டு அக்கா விஷயத்தை மலாயில் சொன்னதும், அப்படியானால் உங்கள் வீட்டுத் தூளையே எனக்குக் கொடுங்கள் என்று கேட்டார். இப்போது பெரியப்பாவால் மாட்டேன் என்று சொல்லமுடியாது. எல்லோர் முன்னாலும் அது தன் வீட்டுத் தூள் என்று சொல்லிவிட்டாரே. மூன்று நாளில் தருகிறேன் என்றார். மேடையில் சொன்னார்களே, தீர்க்கதரிசனம், அது இதுதான். வாயில் வந்த பொய்யால் வழியில்லாமல் ஒத்துக்கொண்டார்.

அவர்கள் போனபிறகு வாசல் கதவைச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

"வியாழக்கெழம யார் யார் டின்னு? வரிசையாச் சொல்லு."

சொன்னேன். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முதலில் லோரிக்காரர் வீடு, மல்லியும் சோம்பும் தூக்கலாக. இரண்டாவது பழைய கங்காணி வீடு, மிளகாய் பாதிக்குப் பாதி. மூன்றாவது கோயில் சாம்பார்த் தூள், கடலைப்பருப்பு வறுத்துப் போட்டது. நான்காவது பால்காரர் வீடு. ஐந்தாவது மாஸ்டர் வீடு, கறுக்க வறுத்த யாழ்ப்பாணத் தூள். ஒவ்வொரு டின்னிலும் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொன்றையும் திறந்து கொட்டினவன் நான். கொட்டும்போது பார்க்காமல் கொட்டுகிறவன் வேலைக்காரன். பார்த்துக் கொட்டுகிறவன் பின்னால் முதலாளியாவான்.

எது எவ்வளவு தொட்டியில் தங்கும் என்பதைப் பெரியப்பா சொன்னார். எண்ணெய்ப்பசை உள்ளது அதிகம் ஒட்டும், மல்லி பறந்துவிடும். அது அவருடைய பங்கு. நான் மறுக்கவில்லை. இல்லாததைச் சொல்லிப் பெயர் வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை.

முதல் கலவை சரியாக வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. பெரியப்பா முகர்ந்துவிட்டுத் தலையை ஆட்டினார். மறுநாள் மத்தியானம் மாஸ்டர் வீட்டம்மா டின் எதுவும் இல்லாமல் தனியாக வந்தார். என்னை நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கவைத்துக் காலில் இருந்த தடத்தைப் பார்த்தார்.

"நீ பொய் சொல்லேல்லை தம்பி. என்ரை தூளின்ரை மணம் எனக்குத் தெரியாதே? பிறகு ஏன் ஒத்துக்கொண்டனீ?"

"அடிச்சாரு ஆன்ட்டி."

அவர் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா தரையைப் பார்த்தார். அவரை அப்படி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். மாஸ்டர் வீட்டம்மா வேறு எதுவும் கேட்காமல் பெரியம்மாவின் அடுக்களைக்குள் போய், தன் தூளை எந்தப் பதத்தில் வறுப்பது என்று சட்டியைப் பிடித்துக் காட்டினார். இதே பெண்மணி தன் டின்னை எங்கள் ஆட்களின் டின்களோடு ஒட்டி வைக்கக்கூட விடமாட்டார்.

அப்படியும் ஏதோ குறைந்தது. நான் வாசற்படியில் உட்கார்ந்து கண்ணை மூடி அந்த வியாழக்கிழமையை மறுபடி கொட்டிப் பார்த்தேன். பால்காரர் வீட்டு டின். அதில் மிளகும் மஞ்சளும் மட்டும் என்று சொல்லியிருந்தேன். ஆனால் அந்த வீட்டில் அப்போது பிள்ளை பிறந்திருந்தது. அது கறித்தூளே இல்லை. பிள்ளை பெற்றவளுக்கான பத்தியத் தூள். சுக்கு இருந்தது, திப்பிலி இருந்தது.

"சுக்கு, பெரியப்பா" என்று கத்தினேன். "சுக்கும் திப்பிலியும்."

மூன்றாவது கலவையைப் பெரியப்பா முகர்ந்தார். என் தலையில் கையை வைத்து எடுத்தார். மக்சிக் வந்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மூன்று கிலோவையும் பையில் போட்டுக்கொண்டார். பழைய இரும்புக்காரனைத் திருப்பி அனுப்பினார்கள். அம்மா மூட்டையை அவிழ்த்தார், தோட்டத்திலிருந்து வந்ததையும் சேர்த்து.

அதோடு முடிந்ததா? கேண்டீனில் சாப்பிட்ட பெண்கள் அதே தூள் வீட்டுக்கு வேண்டும் என்றார்கள். மூன்று மணி சிப்ட் விடும் நேரத்தில் தொழிற்சாலைப் பேருந்து நிற்குமிடத்தில் நான் போய் நின்று, "அக்கா, எவ்ளோ வேணும், காரம் சரியா இருக்கா?" என்று கேட்டேன். கிலோ வேண்டாம், ஒரு வாரத்துக்கு மட்டும் சின்னப் பொட்டலம் போதும் என்றார்கள். பெரியப்பாவிடம் சொன்னேன். முதலில் திட்டினார், பிறகு செய்தார். மீனுக்குத் தனியாகக் கேட்டார்கள். அதையும் சொன்னேன். அதற்கும் திட்டினார், அதையும் செய்தார். மேடையில் பேரன் ஆங்கிலத்தில் ஏதேதோ பெயர் சொன்ன வேலை இதுதான். நான் அரைக்கால்சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் நின்று செய்தேன்.

பெரியப்பா ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு இப்போது புரியாமலில்லை. தொட்டித் தூள் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மில்லில் ஒரு டின்னும் மிஞ்சியிருக்காது. அந்தப் பெண்களுக்கும் அது பொய் என்று தெரிந்துதான் இருக்கும். கோபத்தை இறக்கிவைக்க அவர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. பெரியப்பா என்னைக் கொடுத்தார். தன் மகனைக் கொடுக்கவில்லை. அந்த அண்ணன் அன்று மில்லுக்குள்தான் நின்றுகொண்டிருந்தார். இன்றைக்கு அவர்தான் தலைவர். விழாவில் என் கையைக் குலுக்கி, "வந்ததே சந்தோஷம் தம்பி" என்றார்.

பத்து வயதில் எனக்குப் புரியாமல் போனது வேறு. பொய் சொன்னேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அடி நிற்கும், அன்றைய மத்தியானத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் கப்பலைக் கட்டுவார்கள், ஓலையை எழுதுவார்கள், அதைப் பொட்டலத்தில் அச்சடித்து ஐந்து நாட்டுக்கு அனுப்புவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் இன்று யாரும் உயிரோடு இல்லை. இனி யாருடைய கோபத்துக்குப் பயந்து இந்தப் பொய்?

அண்ணனுக்கும் பேரனுக்கும் சொல்கிறேன்: எனக்கு உங்கள் நிறுவனத்தில் பங்கு வேண்டாம். என்னிடம் இருப்பதே எனக்குப் போதும். மாஸ்டர் வீட்டம்மாவின் பெயரை விசாரித்துப் பொட்டலத்தில் எழுதுங்கள், எனக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளாமல் விட்டது என் தப்பு. என் பெயர் உங்களுக்குத் தெரியும். அடுத்த முறை பொட்டலம் அச்சடிக்கும்போது கப்பலை எடுத்துவிடுங்கள். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவன் இன்னான் என்று, கண்ணாடி போடாமல் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில் போடுங்கள். அன்று பெல்ட்டுக்குப் பயந்து நான் சொன்னதை இன்று, எல்லோரும் பார்க்க, திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நான் பொய் சொல்லவில்லை, பெரியப்பா.